முற்றுப்புள்ளியின் கோபம்

நம் தந்தையார் காலத்தில் கடிதம் எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி. வலப்புறம் ஊரும் தேதியும். பின்னர் ‘நலம், நலமறிய ஆவல்’ என்னும் தொடர். அதன்பின் ‘இப்பவும்’ என்று தொடங்கிச் செய்தி. ஒரு பொருளை விட்டு மற்றொரு பொருளுக்குச் செல்லும்போது ‘நிற்க’. முடிவில் ‘மற்றவை நேரில்’. வீட்டில் மூவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் கடிதம் ‘நலம்’ என்றுதான் தொடங்கும். அது பொய்யன்று, முறை. அந்தத் தொடர்களில் செய்தி ஏதும் இல்லை. ஆயினும் அவற்றில் ஒன்று விடுபட்ட கடிதம் வந்துவிட்டால் வீடு கலங்கும். ‘நலம்கூட விசாரிக்கவில்லையே, என்ன வருத்தமோ?’ என்று நம் தாயார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அவ்வொழுங்கு மறைந்து, கைப்பேசியின் கண்ணாடித் திரையில் விரலால் தட்டி எழுதும் காலம் வந்துவிட்டது. ‘இதனால் ஆங்கில இலக்கணமே அழிகிறது, இக்காலப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் முழுமையாக எழுத வரவில்லை’ என்னும் புலம்பலைச் சங்கக் கூட்டங்களிலும், பேருந்து நிறுத்தங்களிலும், அலுவலகத்தின் உணவு இடைவேளையிலும் கேட்கிறோம். நாமும் அப்புலம்பலில் பங்கு கொண்டவர்களே. அக்கருத்து நம்மிடம் எவ்வாறு மாறியது என்பதையும், முழுவதும் மாறாமல் எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதையும் தமிழன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் நெல்லைச் சீமையில் பி.ஏ. வரை படித்துவிட்டு, தலைநகருக்கு வந்து, ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருபதாண்டுகளுக்கு மேலாக எழுத்தராகப் பணியாற்றி வருகிறோம். கோப்பில் குறிப்பு எழுதுவதும், கடிதங்களுக்கு வரைவு தயாரிப்பதும் நம் தொழில். பள்ளியில் ரென், மார்ட்டின் என்னும் இருவர் இயற்றிய ஆங்கில இலக்கண நூலை மனப்பாடம் செய்த தலைமுறை நம்முடையது. வாக்கியத்தின் முதலெழுத்து பெரியதாக இருத்தல் வேண்டும். எழுவாயும் பயனிலையும் இசைதல் வேண்டும். முடிவில் முற்றுப்புள்ளி நிற்றல் வேண்டும். முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியம் கதவு சாத்தாத வீடு போல நமக்குத் தோன்றும். இந்தப் பழக்கத்தைக் கைப்பேசிக்கும் நாம் கொண்டு சென்றோம். ‘சரி’ என்று ஒரு சொல் எழுதினாலும் அதற்கொரு புள்ளி வைப்போம்.

அந்தப் புள்ளிதான் நம் வீட்டில் வினை விளைத்தது.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். நம் மகள் வெளிமாநிலத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பிற்பகல், கோப்புகளுக்கு நடுவே கைப்பேசி அடுத்தடுத்து ஐந்து முறை ஒலித்தது. ஐந்தும் அவளிடமிருந்து வந்த துண்டுச் செய்திகள். ஆங்கிலமும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் கலந்திருந்தன. பெரிய எழுத்தில்லை, புள்ளியில்லை, கேள்விக்குறியும் இல்லை. கூட்டிப் படித்ததில், ஒரு தாளில் தேறவில்லை என்பதும், மனம் சரியில்லை என்பதும், இரண்டு நாள் வீட்டுக்கு வரலாமா என்பதும் தெரிந்தன. அடுத்த தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வந்து போவதில் படிப்புக் கெடுமே என்று எண்ணி, நாம் ஆங்கிலத்தில் இவ்வாறு விடையளித்தோம்: ‘நோட்டட். கம் ஆஃப்டர் தி எக்ஸாம்ஸ்.’

எழுத்துப் பிழையில்லை. இலக்கணப் பிழையில்லை. அலுவலகத்தில் ‘நோட்டட்’ என்பது மரியாதையான சொல். மேலதிகாரி அனுப்பியதைக் கண்டோம், கருத்தில் கொண்டோம் என்பது அதன் பொருள். தந்தைக்குரிய கடமையை இரண்டு வரியில் செம்மையாக முடித்துவிட்டோம் என்னும் நிறைவோடு அடுத்த கோப்பைத் திறந்தோம்.

அதன்பின் பதினொரு நாள் அவளிடமிருந்து சொல் வரவில்லை. நாம் ஏதேனும் கேட்டால் ‘கே’ என்னும் ஒற்றை ஆங்கில எழுத்து மட்டும் வரும். படிப்பில் மூழ்கியிருக்கிறாள் என்று நாம் மகிழ்ந்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் நம் துணைவியார் அவளிடம் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்து, “பிள்ளைக்கு என்ன எழுதினீங்க?” என்று கேட்டார்கள். கைப்பேசியைக் காட்டினோம். அவர்களுக்கும் அதில் குற்றம் தெரியவில்லை. “அவ அழுதுட்டா. அப்பா ரெண்டு ஃபுல் ஸ்டாப் வெச்சிருக்காங்க, அவ்வளவு கோபமா இருக்காங்க, அதான் வரலைன்னு சொன்னா” என்றார்கள்.

முதலில் நமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் ஒரு பெண் குழந்தை விடுதி அறையில், தன் தகப்பனார் தன்னை வெறுத்துவிட்டதாக எண்ணிச் சரியாக உண்ணாமலும் இருந்திருக்கிறாள். நாமோ அதே நாட்களில், அவள் வாக்கியங்களில் புள்ளி இல்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றிரவே அவளை அழைத்தோம். “ஏம்மா, புள்ளி வைத்தால் கோபம் என்று யார் சொன்னது?” என்றோம். “யாரும் சொல்லலைப்பா. எல்லாரும் அப்படித்தான் எடுத்துப்போம்” என்றாள். யாரும் சொல்லாமல் எல்லாரும் அறிந்திருப்பதற்குத்தானே வழக்கு என்று பெயர்! “நாளைக்கே புறப்பட்டு வா, அம்மா” என்றோம்.

அவள் வந்து நான்கு நாள் இருந்தாள். அந்த நான்கு நாளும், அதற்குப் பின்னரும் நாம் இப்பொருளைப் பற்றித் தேடிப் படித்தோம். நம் மகள் சொன்னது அவளுடைய கற்பனையன்று என்று தெரிந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே சோதித்திருக்கிறது. 126 மாணவர்களிடம் சில உரையாடல்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ‘சரி’, ‘ஆகட்டும்’ என்பன போன்ற ஒரு சொல் விடைகள் அவற்றில் இருந்தன. கைப்பேசிச் செய்தியாகக் காட்டியபோது, புள்ளியோடு முடிந்த விடையில் மனமார்ந்த தன்மை குறைவு என்று மாணவர்கள் கருதினர். அதே விடையைக் கையால் எழுதிய துண்டுச் சீட்டாகக் காட்டியபோது, புள்ளியால் எந்த வேறுபாடும் தோன்றவில்லை. புள்ளி ஒன்றுதான், அது நின்ற இடம்தான் வேறு.

காரணம் எளியது. ஏட்டில் முற்றுப்புள்ளியின் வேலை, ஒரு வாக்கியம் முடிந்தது என்று காட்டுவது. கைப்பேசிச் செய்தியில் அந்த வேலைக்குப் புள்ளி தேவையில்லை; செய்தி அனுப்பப்பட்டதே வாக்கியம் முடிந்ததற்கு அடையாளம். நம் மகள் ஐந்து துண்டுகளாக எழுதினாள் அல்லவா? அந்த ஐந்தும் ஐந்து வாக்கியங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையிலுள்ள வெளியே அவளுக்கு முற்றுப்புள்ளி. வேலை இழந்த புள்ளி வேறு வேலை தேடிக்கொண்டது. தேவையில்லாத இடத்தில் ஒருவர் அதை வைத்தால், ‘பேச்சு இத்துடன் முடிந்தது’ என்று அழுத்திச் சொல்வதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. இஃது இலக்கணத்தின் அழிவன்று; வேறோர் இலக்கணத்தின் பிறப்பு.

எழுதும் கருவி மாறும்போது எழுத்தின் இலக்கணம் மாறுவது தமிழர்க்குப் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்துக்குரிய புள்ளியையும் பெரும்பாலும் இடாமலே விட்டனர். படிப்பவர் இடமறிந்து சேர்த்துப் படித்துக்கொண்டார். வாக்கியத்தின் முடிவில் இடும் முற்றுப்புள்ளியோ ஐரோப்பியர் கொணர்ந்த அச்சு நூல்களின் வழியே தமிழில் வழங்கலாயிற்று. 1978இல் தமிழக அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தில் ‘ணை’, ‘லை’ முதலியவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள் நீங்கின. நம் தாயார் இன்றும் பழைய வடிவிலேயே எழுதுவார்கள். நாம் புதிய வடிவில் எழுதுகிறோம். இருவர் எழுத்தும் தமிழே.

ஆங்கிலத்திலும் சொற்சுருக்கம் கைப்பேசியால் வந்ததன்று. தந்தி இருந்த காலத்தை நம் வாசகர்களில் பலர் அறிவர். சொல்லுக்குக் கட்டணம் என்பதால், ‘தாயார் கவலைக்கிடம் உடனே புறப்படு’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களில் ஒரு குடும்பத்தின் துயரம் முழுவதையும் அடக்கினார்கள். அதில் எழுவாயைத் தேடியவர் உண்டோ? வாழ்த்துகளுக்கு எண்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் வாழ்த்துப் போய்ச் சேரும். அத்தந்தி 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நம் நாட்டில் விடைபெற்றது. ‘ஓ.எம்.ஜி.’ என்று இளைஞர் வியப்புக்கு வழங்கும் சுருக்கத்தைக்கூட, 1917இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் பிரபு, வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் கையாண்டிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 2011இல் அச்சுருக்கத்தைச் சேர்த்துக்கொண்டபோது அக்கடிதத்தையே மிகப் பழைய சான்றாகக் காட்டிற்று.

கைப்பேசிக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்னும் எல்லை வந்த வரலாறும் சுவையானது. ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், ஒரு செய்திக்கு எத்தனை எழுத்துப் போதும் என்று 1985இல் ஆராய்ந்தார். தட்டச்சுப் பொறியில் தாமே வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். அஞ்சலட்டைகளும் டெலக்ஸ் செய்திகளும் பெரும்பாலும் அந்த அளவுக்குள் முடிந்துவிடுவது அவருக்குத் துணைச் சான்றாயிற்று. 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அந்த 160க்குள் அடங்கத்தான் ஆங்கிலச் சொற்கள் உடல் மெலிந்தன. ‘யூ’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஓரெழுத்தாயிற்று. ‘கிரேட்’ என்பதன் பின்பாதிக்கு எட்டு என்னும் எண் வந்தமர்ந்தது.

இவ்விடத்தில் தமிழருக்கு நேர்ந்த ஓர் இழப்பையும் குறிப்பிட வேண்டும். அந்த 160 ஆங்கில எழுத்துக்குரிய கணக்கு. தமிழ் எழுத்தில் எழுதினால் அதே செய்திக்கு 70 இடம்தான். அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்து ஐந்திடத்தைப் பிடிக்கும். ‘வணக்கம்’ ஏழிடத்தைப் பிடிக்கும். போதாக்குறைக்கு அக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது, கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே நம்மவர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினார்கள். தேவையால் வந்த பழக்கம் அது. தேவை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. இதைப் பின்னர்ப் பார்ப்போம்.

நிற்க. இணையத்தால் ஆங்கிலத்தில் நேர்ந்த மாற்றங்களைத் தொகுத்துப் பார்த்தால் அவை மூவகை எனலாம்.

முதலாவது, சொல்லின் வகை மாற்றம். பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிறது. ‘கூகிள்’ என்னும் நிறுவனப் பெயர் ‘தேடு’ என்னும் வினையாகி 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்றது. நட்பு முறிப்பதைக் குறிக்கும் ‘அன்ஃப்ரெண்ட்’ என்னும் வினை 2009இல் புதிய ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியின் ஆண்டுச் சொல்லாயிற்று. ‘பிகாஸ்’ என்பதன் பின் ‘ஆஃப்’ இல்லாமலே பெயர்ச்சொல்லை வைத்து, ‘பிகாஸ் டிராஃபிக்’ என்று எழுதும் வழக்குப் பரவியது. அமெரிக்க வழக்குமொழிக் கழகம் 2013ஆம் ஆண்டுக்குரிய சொல்லாக அந்த ‘பிகாஸை’யே தேர்ந்தது.

இரண்டாவது, எழுத்தின் உருவில் மாற்றம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் உரக்கக் கத்துவதாகப் பொருள். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதினால் அடங்கிய குரல். இன்றைய கைப்பேசி வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பெரிதாக்கித் தருகிறது. பிள்ளைகளோ அந்த வசதியை நிறுத்திவைத்துவிட்டுச் சிறிய எழுத்தில் எழுதுகிறார்கள். நாம் சோம்பல் என்று எண்ணியது உண்மையில் முயன்று செய்யும் செயல்! நம் வயதினர் வாக்கியங்களுக்கிடையே மூன்று புள்ளி வைக்கும் வழக்கமுடையவர்கள். நமக்கு அது மூச்சு விடும் இடம். பிள்ளைகளுக்கோ அது ஏதோ ஒன்றைச் சொல்லாமல் மறைப்பதற்கு அடையாளம்.

மூன்றாவது, முகம். நேரில் பேசும்போது முகமும் குரலும் பாதிப் பொருளைத் தந்துவிடுகின்றன. எழுத்தில் அவையில்லை. 1982 செப்டம்பர் 19ஆம் நாள் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்காட் ஃபால்மன், கணினி வழி உரையாடலில் எது வேடிக்கை என்று தெரியாமல் சண்டை மூளுவதைக் கண்டு, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சாய்ந்த சிரிப்பு முகம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1999இல் ஜப்பானியக் கைப்பேசி நிறுவனம் ஒன்றுக்காக ஷிகேதகா குரிதா 176 சிறு படங்களை வரைந்தார். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தது ஒரு சொல்லையே அன்று. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகப் படத்தை. இதைக் கண்டு நகைத்த அறிஞர் பலர். ஆனால் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதற்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு, நகை, அழுகை, வெகுளி, உவகை என எண்வகையாகப் பகுத்து ஓர் இயலே வகுத்த தொல்காப்பியரின் வழிவந்தவர்கள் நகைக்கலாமோ? சொல் மட்டும் போதாது, மெய்ப்பாடும் வேண்டும் என்பது நமக்குப் பழைய செய்தி.

இனி, இவற்றால் ஆங்கிலம் கெட்டுவிட்டதா என்னும் வினாவுக்கு வருவோம். டேவிட் கிரிஸ்டல் என்னும் ஆங்கில மொழியியலறிஞர் குறுஞ்செய்தி மொழியைப் பற்றி 2008இல் ஒரு நூலே எழுதினார். செய்திகளிலுள்ள சொற்களில் மிகப் பெரும்பாலானவை வழக்கமான எழுத்துக்கூட்டலிலேயே உள்ளன, சுருக்கங்கள் சிறு பங்கே என்பது அவர் கண்ட முடிவு. இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தார் 10 முதல் 12 வயது வரையுள்ள 88 சிறுவர்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. சுருக்கங்களை மிகுதியாகக் கையாண்ட சிறுவர்களே படிப்புத் திறனில் மேம்பட்டிருந்தனர். ‘கிரேட்’ என்பதில் எட்டு என்னும் எண்ணை வைப்பதற்கு, அந்தச் சொல்லின் ஒலியைப் பிரித்தறியும் செவி வேண்டும் அன்றோ? விதியை அறிந்தவனே விதியோடு விளையாட முடியும்.

அங்ஙனமாயின் கேடே இல்லையா? உண்டு. அது எங்கே உண்டு என்பதை நம் அலுவலகத்தில் கண்டோம். புதிதாகப் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர், கணினிக் கோப்பில் குறிப்பு எழுதும்போது, ‘டூ தி நீட்ஃபுல்’ என்னும் நம் பழம்பெரும் அலுவலகத் தொடரில் ‘தி’ என்பதை ஓரெழுத்தாக்கி, முன்னால் ‘பிளீஸ்’ என்பதையும் மூன்றெழுத்தாக்கி மேலே அனுப்பிவிட்டார். விக்டோரியா மகாராணி காலத்து நடையும் கைப்பேசி நடையும் ஒரே வரியில் கைகோத்து நின்றன! மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொள்ள, அவர் முகம் வாடிற்று. அவரைத் தனியே அழைத்து அறிவுரை கூறினோம். அதே வாரத்தில் நம் வரைவு ஒன்றிலும் அந்த மூன்றெழுத்துப் ‘பிளீஸ்’ நம்மையறியாமல் புகுந்திருப்பதைக் கண்டு, யாரும் பார்க்குமுன் திருத்தினோம்.

குற்றம் சுருக்கத்தில் இல்லை. இடம் மாறியதில் இருக்கிறது. அலுவலகத்தின் ‘நோட்டட்’ மகளிடம் போனது இடம் மாறியது. தோழர்களுக்குரிய ‘பிளீஸ்’ கோப்புக்குள் வந்ததும் இடம் மாறியது. இரண்டும் ஒரே பிழை. இளைஞர் செய்த பிழைக்கு அவர் கடிந்துகொள்ளப்பட்டார்; நாம் செய்த பிழைக்கு நம் பிள்ளை தண்டனை பெற்றாள். இடம், பொருள், ஏவல் என்று நம் பெரியோர் சொல்லி வைத்ததன் பொருள் நாற்பது வயதுக்கு மேல் நமக்கு விளங்கிற்று.

மகள் வீட்டிலிருந்த நாட்களில் இதற்கு ஒரு பரிகாரமும் கிடைத்தது. தேறாத தாளை மறுமதிப்பீடு செய்யக் கோரித் தன் துறைத் தலைவருக்கு அவள் மின்னஞ்சல் எழுதியிருந்தாள். ‘ஹாய் சார்’ என்று தொடங்கிச் சிறிய எழுத்திலேயே முடிந்திருந்தது. தேர்வு எண் இல்லை. தாளின் பெயர் இல்லை. என்ன வேண்டும் என்பதும் கடைசி வரியில்தான் வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாம் அவளுக்கு வரைவு சொல்லிக்கொடுத்தோம்: பொருள் என்ன, எந்தத் தேதி, எந்த விதி, என்ன வேண்டுகோள், யார் கையொப்பம். “இது என்னப்பா, கோர்ட் மாதிரி இருக்கு” என்றாள். “இந்த இடத்தில் இப்படித்தானம்மா. இங்கே எல்லா வாக்கியத்துக்கும் புள்ளி வை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்” என்றோம். பிறகு அவள் நம் கைப்பேசியை வாங்கி, நாம் ஓராண்டாக அவளுக்கு அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து, எது எப்படி ஒலித்தது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ‘ஓகே.’ என்பது அதில் நாற்பது முறைக்கு மேல் இருந்தது. ஆசிரியர் யார், மாணவர் யார் என்று சொல்ல முடியாத வகுப்பு அது.

முன்னர் நிறுத்திய செய்தியை இனி எடுத்துக்கொள்வோம். நம் தாயார் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார்கள். எழுபத்தெட்டு வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, நாள்தோறும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள். நம் உடன்பிறந்தாரும் பிள்ளைகளுமாக இருபத்துமூன்று பேர் உள்ள குடும்பக் குழுவில் அவர்களையும் சேர்த்துக் கைப்பேசி வாங்கிக் கொடுத்திருந்தோம். நாள்தோறும் அதில் நூறு செய்தி வரும். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாம் ஊருக்குப் போயிருந்தபோது, அவர்கள் அந்தத் திரையை நம்மிடம் நீட்டி, “எல்லாரும் இங்கிலீஷ்லயே எழுதுதீங்களே ஐயா, நல்ல சேதியா கெட்ட சேதியான்னு தெரியாம, பக்கத்து வீட்டுப் பையன் எப்ப வருவான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றார்கள். நாம் பார்த்தோம். “இது இங்கிலீஷ் இல்லம்மா, தமிழ்தான். எழுத்து மட்டும் இங்கிலீஷ்” என்றோம்.

“தமிழ்னா எனக்கு வாசிக்கத் தெரியாதா?” என்றார்கள்.

இதற்கு நம்மிடம் விடையில்லை. 70 எழுத்துக் கட்டுப்பாடு போய் நெடுங்காலமாயிற்று. இன்றைய கைப்பேசி ஒவ்வொன்றிலும் தமிழ் எழுத்தைத் தட்ட வழியுண்டு. எழுதத் தெரியாதவர் பேசினால் அது தானே எழுதித் தருகிறது. எனினும் நம் வீட்டு இருபத்திரண்டு பேரும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு, அந்த ஒருவரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தோம். பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை. நம் மகளைச் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறாம் வகுப்பு வரை அனுப்பியவர்களும் நாம்தாம். கணக்குத் தனிப்பயிற்சியோடு நேரம் மோதுகிறது என்று ஏழாம் வகுப்பில் நிறுத்தியவர்களும் நாம்தாம். ஆங்கிலத்தின் முற்றுப்புள்ளி போயிற்றே என்று கவலைப்பட்ட நமக்கு, நம் வீட்டில் தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் போய்க்கொண்டிருந்தது கண்ணில் படவில்லை.

பிள்ளைகள் தோழரோடு எவ்வாறேனும் எழுதட்டும். அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. அவர்களுக்கு அலுவலகக் கடிதத்தின் முறையையும் கற்றுக்கொடுப்போம். அவர்களிடமிருந்து திரையின் முறையை நாமும் கற்றுக்கொள்வோம். மனத்தாங்கல் வரக்கூடிய செய்தியானால் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுப்போம். நம் பெரியோர் ‘மற்றவை நேரில்’ என்று எழுதியது இதற்காகத்தான். ஊரிலுள்ள தாய்தந்தையருக்கு எழுதும்போது மட்டும், பிழையானாலும், தமிழ் எழுத்திலேயே எழுதுவோம். வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இவ்வளவே.

ஊரிலிருந்து திரும்பியதும் ஆச்சி கேட்டதை மகளிடம் சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வாண்டு மார்கழியில் ஒரு நாள் காலை, குடும்பக் குழுவில் அவளிடமிருந்து தமிழ் எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘ஆச்சி நான் பொங்களுக்கு வருகிரேன்’. முற்றுப்புள்ளி இல்லை. ஒரு சிறிய வரியில் இரண்டு எழுத்துப் பிழைகள். இருபதாண்டு வரைவு திருத்திய கை அல்லவா? உடனே ‘பொங்கலுக்கு, வருகிறேன்’ என்று திருத்தி அனுப்பத் தட்டத் தொடங்கிவிட்டோம். அதை அனுப்புமுன் அம்பாசமுத்திரத்திலிருந்து குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. யாரும் படித்துச் சொல்லாமல், தாமே படித்துவிட்ட குரல்: “வா தாயீ, வா! எந்த வண்டியில வாரே?”

தட்டியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, கைப்பேசியைக் கீழே வைத்தோம்.